விரால் மீன் சொன்ன சாட்சி

கவிப்பிரியாவைத் திட்டி வந்த கடிதங்களை ஒன்று விடாமல் படித்தேன். "குழந்தையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுத் தன் போனில் மூழ்கிக் கிடக்கும் நாத்தனாரை இன்னும் எத்தனை வாரம் அந்த வீட்டில் வைத்திருக்கப் போகிறீர்கள்?" என்று ஆவடியிலிருந்து ஒரு வாசகி காட்டமாகவே கேட்டிருக்கிறார். அவசரப்படாதீர்கள் அம்மா. இந்த வாரம் அந்தப் பெண் கிளம்பத்தான் போகிறாள். அவள் போவதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படுவீர்களா என்பதுதான் என் சந்தேகம்.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கொரட்டூர் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் ஒரு சின்ன வீடு. வீட்டுக்காரன் செல்வகுமார் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டித் தள்ளும் மெஷின் அது. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் நைட் ஷிப்ட். அவன் மனைவி ஜோதிகாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையில் ஒரு நூல் விட்டுப்போயிருந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. செல்வகுமாரின் தங்கை கவிப்பிரியா, அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அண்ணன் மகன் சரணைப் பார்த்துக்கொள்கிறாள்.

சரணுக்கு இரண்டரை வயது தாண்டிவிட்டது. பேச்சு வரவில்லை. பசித்தால் கையைப் பிடித்து இழுப்பான். கோபம் வந்தால் கத்துவான். அம்மா என்றோ அப்பா என்றோ யாரையும் கூப்பிட்டதில்லை. "வீட்டில் போன் காட்டறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சத்தியமா இல்லைங்க" என்றாள் ஜோதிகா.

அந்த வாரமே ஒருநாள் பர்மிஷன் போட்டுவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். உள்ளறையில் செல்வகுமார் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தான். கூடத்தில் கவியின் இடுப்பில் சரண். சரணின் கையில் செல்வகுமாரின் போன் ஓடிக்கொண்டிருந்தது. கவியின் கையில் கவியின் போன்.

அவ்வளவுதான். தூங்குகிற மனுஷனின் போனை எடுத்துக் குழந்தையிடம் தள்ளிவிட்டு இவள் தன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஜோதிகா முடிவு கட்டிவிட்டாள். அவள் போட்ட சத்தம் தெருக்குழாய் வரை கேட்டது. கவியின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். கவியின் பாடங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. கவி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆடிக் கூழு ஊத்தற வரைக்கும் இரு. அன்னிக்கு சாயங்காலமே நசரத்பேட்டைல உங்க பெரியம்மா ஊட்டுக்குக் கெளம்பிடு."

"அப்புறம் சரணை யாரு அண்ணி பாத்துப்பாங்க?"

"ஏன், அவங்கப்பா இல்ல? நைட் ஷிப்ட்டுன்னா பகல்ல ஊட்லதானே கீறாரு?"

அதைக் கேட்டுக் கவி லேசாகச் சிரித்தாள் என்று எழுதியிருந்தேன். திமிர் என்று நினைத்துக்கொண்டீர்கள். இருக்கட்டும்.

இன்று அந்தக் கூழ் ஞாயிறு.

கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நொய்க்கஞ்சியில் கொட்டிக் கிளறுவது தோளைக் கழற்றுகிற வேலை. கவி முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்திருந்தாள். அடுப்படித் தரையில் சரண் முருங்கைக்கீரையை உருவித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தான்.

"சரண் சார், ராஜேந்திர சோழன் கட்டின தலைநகரம் எது? சொல்லுங்க பார்ப்போம். தெரியாதா? போச்சுடா. கங்கைகொண்ட சோழபுரம். எனக்கும் நேத்து மறந்துபூச்சு, விடு. சரி, உன் தலையில இன்னாது அது? கீரையா, கிரீடமா? அய்யே, கீரையைத் துன்றியா? துப்பு, துப்பு!"

சரண் சிரித்தான். பதில் ஒன்றும் வரவில்லை. பதில் வராத குழந்தையிடம் இப்படிக் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய பொறுமை என்று, பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த ஜோதிகா அதைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். நாள் முழுக்க இப்படி வாய் ஓயாமல் பேசுகிற பெண், எதற்காகக் குழந்தையிடம் போனைக் கொடுத்து ஒதுங்க வேண்டும்? சட்டையில் எங்கோ ஒரு தையல் பிசகினால் வருகிற உறுத்தல் அவளுக்கு வந்தது. ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? அந்த நினைப்பை அப்படியே தள்ளிவிட்டுக் கருவாட்டைக் கழுவப் போனாள்.

செல்வகுமார் இரண்டு தடவை அடுப்படி வரை வந்தான். தங்கையின் பை நடையில் தயாராக இருப்பதைப் பார்த்தான்.

"கவி..."

"இன்னாண்ணா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்க வந்தேன்."

குடிக்காமலேயே போய்விட்டான்.

அந்தத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீட்டுக் கூழும் தனித்தனியாகக் குடத்தில் வந்து, கோயில் வாசலில் இருக்கும் ஒரே அண்டாவில் சேரும். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளின் கூழும் அதில் கலந்துதான் ஆகவேண்டும். பிறகு எல்லாருக்கும் அதிலிருந்தே ஊற்றுவார்கள்.

மைக் செட் பொறுப்பு வேம்புலிக்கு. கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் அவரிடமிருந்து திரும்ப வாங்குவது கஷ்டம். வருஷா வருஷம் கூழ் கொண்டுவரும் வீட்டுக் குழந்தைகளின் வாயருகே மைக்கை நீட்டிப் பேர் சொல்ல வைப்பது அவர் வழக்கம். தெருவே கைதட்டும். பெற்றவர்களுக்குப் பெருமை தாங்காது.

ஜோதிகா இந்த ஒரு வாரமாக, சரணை அந்த மைக்குக்கு முன்னால் கொண்டுபோகாமல் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தாள். இன்று கோயில் வாசலில் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவின் பேத்தி ரேஷ்மா, சரணைவிடச் சின்னவள், பேரைச் சொன்னதோடு ஒரு பாட்டும் பாடிவிட்டு இறங்கினாள்.

"அடுத்து நம்ம செல்வகுமாரு மவன்! வா நைனா, பேரு சொல்லு!" ஒலிபெருக்கி அலறியது.

"வேணாம் அண்ணாத்தே, கொழந்தைக்குத் தூக்கம் வந்துகினு கீது" என்று ஜோதிகா கூழ்க்குடத்தோடு பதறினாள். வேம்புலி அதற்குள், அப்பன் தோளில் உட்கார்ந்திருந்த சரணின் வாயருகே மைக்கைக் கொண்டுபோய்விட்டார்.

சரண் மைக்கைப் பார்த்தான். மூச்சு விட்டான். அந்த மூச்சு "ஹூ" என்று தெருக்கோடி வரை கேட்டது. அவன் கண் அகலமாக விரிந்தது. இன்னொரு தடவை ஊதிப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

"வண்க்கம் மக்களே!"

தெரு அப்படியே நின்றது.

"இன்னிக்கு நம்ம ஏரியில... இம்மாம்பெரிய வெரால்! தூண்டி போட்டம் பாருங்க, அள்ளிகினு வந்திச்சி!"

கைதட்டல் எழுந்தது. ஜோதிகா குடத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. "எம்புள்ள பேசறான்! பொன்னியம்மா, எம்புள்ள பேசறான்!" என்று அழுதாள், சிரித்தாள். கவி கையிலிருந்த கரண்டியோடு ஓடிவந்து முன்னால் நின்றாள். அந்த ஒரு நிமிஷம் நாத்தனாரும் அண்ணியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் பிடித்தது என்று நான் கவனிக்கவில்லை.

கைதட்டல் சரணுக்கு ருசித்துவிட்டது. இன்னும் கையிருப்பு இருந்தது அவனிடம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய மனுஷன் தோரணையில் அதையும் எடுத்துவிட்டான்.

"சத்தம் கம்மியா வை. நைனா தூங்கணும். அம்மாண்ட சொல்லாத!"

வேம்புலி சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. தெரு மொத்தமும் குலுங்கியது. மீன் பிடிக்கிற வீடியோ என்றால் அந்தத் தெருவில் எல்லாரும் செல்வகுமாரைத்தான் சொல்வார்கள். டீக்கடையில்கூட அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அவன்.

"டேய் செல்வகுமாரு, வெரால் மாட்டுச்சோ இல்லியோ, நீ மாட்டிகினேடா!" என்றாள் பொன்னியம்மா.

ஜோதிகா சிரிக்கவில்லை. தோளில் பிள்ளையோடு நிற்கும் புருஷனைப் பார்த்தாள். பிறகு கவியைப் பார்த்தாள். கவி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அண்டாவின் பக்கம் திரும்பிவிட்டாள்.

மைக் செட் வண்டிக்குப் பின்னால் செல்வகுமாரை நிறுத்தினாள் ஜோதிகா.

"எத்தினி நாளா?"

"நைட் ஷிப்ட் வாரத்துல மட்டும்தான். நான் ஊட்ல கீறேன்னு அந்த வாரத்துல மத்தியானம் கவி பரீட்சை கிளாஸுக்குப் போயிடும். இவன் வந்து நெஞ்சு மேல ஏறிக் குதிப்பான், கண்ணு இமையைப் புடிச்சி இழுப்பான். போனைக் குடுத்தா கம்முனு உக்காந்துக்குவான். நான் தூங்கிடுவேன்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் நான்தான். கவி கிளாஸ்லேர்ந்து அப்பத்தான் உள்ள நொழைஞ்சிது. அவனை எங்கிட்டேர்ந்து தூக்கிகினு வெளிய போவறப்போ நீ வந்துட்டே."

"நான் தெருவே கேக்கறாப்புல அவளைத் திட்டினேனே. நீ தூங்கிகினா இருந்தே?"

பொய் சொல்ல அது வசதியான இடம். செல்வகுமார் சொல்லவில்லை. அதற்காக மட்டும் அவனை நான் மன்னிக்கிறேன்.

"முழிச்சிகினுதான் இருந்தேன்" என்றான்.

ஜோதிகா அவனை அங்கேயே விட்டுவிட்டுக் கவியிடம் போனாள். "நீ ஏன்டி சொல்லல? வாயில இன்னா வெச்சிருந்தே?"

கவி வரிசையில் நின்ற ஜெயராமனைக் கண்ணால் காட்டினாள். செல்வகுமார் ஓட்டுகிற அதே மெஷினில், இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தில் கண் செருகி இரண்டு விரலைக் கொடுத்தவர். மிச்ச விரல்களில் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு கூழுக்கு நின்றிருந்தார்.

"சொல்லியிருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க அண்ணி? அண்ணனைப் பகல்ல தூங்க உட்டிருக்க மாட்டீங்க. புள்ளயைப் பாருன்னு உக்கார வெச்சிருப்பீங்க. தப்பு சொல்லல, பெத்தவங்க அப்படித்தான் செய்வாங்க. ராத்திரி அந்த மெஷினாண்ட யாரு நிக்கறது?"

"அதுக்கு நீ பழியை வாங்கிக்குவியா? போனையும் குடுத்துட்டு?"

"போன் பீரோவுல பத்திரமாத்தானே கீது? வெரல் போச்சுன்னா எந்த பீரோவைத் தொறந்து தேடறது?"

ஜோதிகா ஜெயராமனின் கையையே பார்த்தாள்.

"கொழந்தைக்குப் போன் குடுக்கறது தப்புன்னு எனக்கும் தெரியும் அண்ணி. அதான் அன்னிலேர்ந்து கிளாஸையே நிறுத்திட்டேன். அண்ணன் தூங்கற நேரத்துக்கு இவனைத் தூக்கிகினு ஏரிக்கரைக்குப் போயிடுவேன். ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான் வழியாத் தெரிஞ்சிது."

இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கதை எழுதுகிறவன் பட்சபாதம் காட்டக்கூடாது என்பார்கள், காட்டிவிட்டுப் போகிறேன். குழந்தைக்குப் போன் கூடாது என்று சொல்ல டாக்டர் இருக்கிறார், பத்திரிகை இருக்கிறது, நாம் எல்லாரும் இருக்கிறோம். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்ற மனுஷன் பகலில் தூங்க வேண்டும், அதே பகலில் ஒரு குழந்தை விழித்திருக்கிறது என்ற கணக்குக்கு ஒருவரும் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாமல், அந்தக் கணக்கைத் தன் படிப்பிலிருந்து கழித்துக்கொண்டவள் கவி.

அடுத்து ஜோதிகா செய்ததையும் சொல்ல வேண்டும். அண்ணிக்காரி நாத்தனாரைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டு, "மனசுல வெச்சிக்காதே" என்று முடித்திருக்கலாம். நிறைய வீட்டில் அப்படித்தான் முடியும். இவள் நேராக வேம்புலியிடம் போனாள்.

"அண்ணாத்தே, மைக்கைக் குடு."

வேம்புலியே மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார் என்றால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"நான் செல்வகுமாரு சம்சாரம் பேசறேன்" என்றாள். "எங்க கவி என் கொழந்தையைக் கெடுத்துட்டான்னு கொழாய் வரைக்கும் கேக்கறாப்புல கத்தினேன். எல்லாரும் கேட்டீங்க. அது பொய்யி. அவ மேல ஒரு தப்பும் இல்ல. தெருவுக்கே கேக்கறாப்புல கத்தினேன், அதான் தெருவுக்கே கேக்கறாப்புல சொல்றேன். என்னை மன்னிச்சிக்க கவி."

யாரும் கைதட்டவில்லை. பொன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூழ் ஊற்ற ஆரம்பித்தாள். கவி மட்டும், "அய்யோ அண்ணி, மைக்கை அணைங்க" என்று வெட்கத்தோடு முனகினாள். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜோதிகா பீரோவைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தாள். நடையிலிருந்த பையை உள்ளே கொண்டுபோனாள். கவி பின்னாலேயே போய்ப் பையைத் திரும்ப எடுத்துவந்தாள்.

"நான் போறேன் அண்ணி."

"இன்னும் கோவமாடி?"

"சத்தியமா கோவம் இல்ல. பழி போச்சு, பரீட்சை போவலியே. அடுத்த ஞாயித்துக்கெழமை பரீட்சை. கிளாஸ்ல பாதி பாடம் உட்டுட்டேன். இங்க இருந்தா சரண் அழுதா எழுந்துடுவேன், அண்ணன் பொரண்டு படுத்தா எழுந்துடுவேன். எனக்கு ஒரு வாரம் வேணும். எனக்கே எனக்குன்னு."

"நாளைக்கு சரணை..." என்று ஜோதிகா ஆரம்பித்தாள். கம்பெனியில் இது ஷிப்மென்ட் வாரம், லீவு கேட்டால் வேலையே இருக்காது. செல்வகுமாருக்கு இன்றிலிருந்து நைட் ஷிப்ட். எல்லாம் வாய் வரை வந்தது. கவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தனையையும் விழுங்கினாள். சின்ன விஷயம் இல்லை அது.

"இரு. பெரியம்மாவுக்கு ஒரு தூக்குல கூழு ஊத்தித் தரேன்" என்றாள்.

செல்வகுமார் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான்.

"அண்ணா, நீ பஸ் ஸ்டாப்புக்கு வராத. போய்ப் படு. ராத்திரி மெஷினாண்ட நிக்கணும்."

அவன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து ஜோதிகாவிடம் நீட்டினான். "இது உன்னாண்டயே இருக்கட்டும். நாளைக்குப் பகல்ல ஊட்ல இருக்க வேணாம்."

"அப்ப நீங்க எப்படித் தூங்குவீங்க?"

செல்வகுமார் போனை அவள் கையில் வைத்தான். உள்ளே போய்ப் படுத்தான். மின்விசிறியைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தான்.

பஸ் ஸ்டாப்பில் சரணை இடுப்பில் வைத்துக்கொண்டு, கவியின் பையை மறுகையில் பிடித்தபடி ஜோதிகா நின்றாள். சரண் மைக்கில் பேசியது அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை அழகாகப் பேசினான். ஆனால் யாரிடமும் பேசவில்லை. எங்கோ கேட்டதைக் காற்றில் கொட்டினான், அவ்வளவுதான். அந்த நினைப்பு வந்ததும், காலையில் வந்த சந்தோஷம் பாதியாகக் குறைந்துவிட்டது.

பூந்தமல்லி பஸ் வந்தது. கவி சரணின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். "சரண் சார், அத்தை பரீட்சை எழுதிட்டு வந்துடறேன். கீரையைப் பச்சையாத் துன்னாத, இன்னா?" பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. கையை ஆட்டினாள்.

பஸ் நகர்ந்தது. சரண் முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். அது திரும்பாது என்று எப்படியோ புரிந்ததும் உடம்பை வில்லாய் வளைத்து வீறிட்டான். ஜோதிகாவால் பிடிக்க முடியவில்லை. காலால் உதைத்தான், கையை ரோட்டைப் பார்த்து நீட்டினான்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நல்லவர்தான். கைப்பையைத் திறந்து போனை எடுத்தார், ஏதோ பொம்மைப் படத்தை ஓடவிட்டார். வாத்து ஒன்று பாடிக்கொண்டே ஆடியது.

"அழாத கண்ணு, இந்தா பாரு. இதைக் காட்டும்மா, டக்குனு நிறுத்திடுவான்."

உண்மை. டக்கென்று நிறுத்திவிடுவான். ஜோதிகாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் கையும் பாதி நீண்டுவிட்டது.

"அத்தே!" என்றான் சரண்.

நீண்ட கை நின்றது.

"அத்தே... வா! அத்தே, வா!"

"வேணாங்க்கா" என்றாள் ஜோதிகா. அவள் கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. "அழட்டும். அவங்க அத்தையைக் கூப்பிடறான்க்கா."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சரண் நெடுநேரம் அழுதான். ஜோதிகா அவனை முதுகில் தட்டிக்கொடுத்தபடி, அவன் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.